நம்பிக்கை என்னும் வழித்துணை: பன்யனின் உருவகக் கதையும் தமிழாக்கமும்

1. முன்னுரை

துன்பத்திற்குப் பின் எழுதப்படும் நம்பிக்கை இலக்கியத்தைத் திறனாய்வாளர்கள் ஐயத்துடன் நோக்குவதுண்டு. படைப்பாளியின் சமயப் பற்றே கதையின் முடிவை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றது என்பதே அவ்வையத்தின் சாரம். ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் (1628–1688) 'பில்கிரிம்ஸ் பிராகிரஸ்' இவ்வையத்தை ஆராய ஏற்ற நூலாகும். தமிழில் இது 'மோட்சப் பிரயாணம்' என உரைநடையில் வழங்குகின்றது, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) என்னும் காப்பியத்திற்கும் மூலமாயிற்று. இந்நூலில் நம்பிக்கை உறுதிப்பாட்டின் மொழியில் பேசவில்லை. இயலுமையின் மொழியிலேயே பேசுகின்றது. மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டியதும் அதனையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. வாழ்வும் வடிவமும்

பன்யன் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளர். 1658-இல் முதல் மனைவி இறந்தபோது நான்கு குழந்தைகள் இருந்தனர். மூத்த மகள் பார்வையற்றவள். உரிமமின்றிச் சமயவுரை ஆற்றியதற்காக 1660-இல் கைதான அவர், பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அடைபட்டிருந்தார். இனி உரையாற்றுவதில்லை என ஒப்பியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும், அவர் ஒப்பவில்லை. நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். 1672-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 43. உருவகக் கதை அச்சானது 1678-இல். அதன் பெரும்பகுதி சிறையிலேயே எழுதப்பட்டது என்பர்.

இதற்கு முன்பே, 1666-இல், அவர் தம் ஆன்மிக வரலாற்றைத் தன்மையிடத்தில் எழுதியிருந்தார். அங்கே மனத்துயர் தனக்குள்ளேயே சுழல்கின்றது. மீட்பு வந்த பின்னரும் பழைய அச்சம் திரும்பத் திரும்ப எழுகின்றது. உருவகக் கதையில் அதே துயர் அரக்கனாகவும் கோட்டையாகவும் சேற்று நிலமாகவும் உருப்பெறுகின்றது. உருப்பெற்ற துயரை எதிர்த்து நிற்கலாம். அதனிடமிருந்து தப்பவும் செய்யலாம். நடுவயதில் பன்யன் கண்ட புதிய பணி இவ்வடிவ மாற்றமே எனலாம். அவருடைய சமயக் கொள்கை மாறவில்லை. சொல்லும் முறை மாறிற்று.

3. துணைவர் இருவர்

கதைத் தலைவனான கிறிஸ்தியானுக்கு இரு துணைவர்கள் வாய்க்கின்றனர். முதல்வன் விசுவாசமுள்ளவன், மாயச் சந்தையில் கொல்லப்படுகின்றான். அதன் பின்னரே நம்பிக்கையுள்ளவன் தோன்றுகின்றான். சந்தையைச் சேர்ந்த அவன், இருவரும் துன்பத்தில் நடந்துகொண்ட முறையைக் கண்டே அவ்வாறு ஆனவன். நம்பிக்கை இங்கு இயற்கையான மகிழ்ச்சிக் குணமன்று. ஓர் இழப்பைக் கண்ணால் கண்டதன் விளைவு. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு இவ்விடத்தில் வலுவிழக்கின்றது.

இப்பெயர்களில் ஓர் இலக்கணச் சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் துணைவர் இருவர் பெயரும் பெயரடைகள்; அரக்கனின் பெயரோ பண்புப்பெயர். துணைவன் நம்பிக்கையே அல்லன். நம்பும் ஒரு மனிதன். தமிழில் பெயரடை தனித்து ஆட்பெயராக நிற்பதில்லை. 'நம்பிக்கை' என்றே பெயரிட்டால் மனிதன் மறைந்து பண்பு மட்டும் எஞ்சும். கிருஷ்ண பிள்ளை முதல் துணைவனுக்கு 'நிதானி' எனப் பெயரிட்டது, இகர விகுதியால் பண்பை ஆளாக்கும் நல்ல உத்தி. ஆயினும் இன்றைய வழக்கில் 'நிதானம்' பதற்றமின்மையையே முதலில் உணர்த்துவதால், உண்மை தவறாமை என்னும் பொருள் மங்குகின்றது.

பொது வழக்கில் 'நம்பிக்கை' என்பது ஒருவர்மீது வைக்கும் பற்றுறுதியையும் வருங்காலம் பற்றிய எதிர்பார்ப்பையும் சேர்த்தே குறிக்கும். தமிழ் விவிலியம் விசுவாசம், நம்பிக்கை எனப் பிரித்தாள்வது மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுக்கின்றது. 'அவநம்பிக்கை' என்று அரக்கனைச் சுட்டினால் துணைவனும் பகைவனும் ஒரே சொல்லடியில் எதிரெதிராக நிற்பர். ஆங்கிலப் பெயர்களில் இவ்வெதிர்வு வெளிப்படையாக இல்லை. இது தமிழுக்குக் கிட்டும் ஆதாயம்.

4. ஐயக் கோட்டை

நூலின் உயிர்ப்பகுதி ஐயக் கோட்டைச் சிறையாகும். புதன் காலை முதல் சனி இரவு வரை இருவரும் உணவும் ஒளியுமின்றி அடைபட்டுக் கிடக்கின்றனர். தற்கொலையே வழி என அரக்கன் அறிவுறுத்த, கிறிஸ்தியான் தளர்கின்றான். துணைவனோ மீட்பு உறுதி என்று சொல்லவில்லை. அரக்கன் இறக்கக்கூடும், பூட்ட மறக்கக்கூடும், அவனுக்கு மீண்டும் வலிப்பு வரக்கூடும் என்கின்றான்; கிறிஸ்தியான் முன்பு கடந்த இடர்களை நினைவூட்டுகின்றான். இதனை 'இறப்பான்', 'மறப்பான்' என எதிர்கால முற்றாக்கினால் பேச்சு ஆரூடமாகிவிடும். '-லாம்' ஈறும் முழுதும் பொருந்தாது. அது அனுமதியையும் குறிப்பதால், சாக அனுமதிக்கும் அரக்கனின் பேச்சோடு ஒலியொற்றுமை கொள்ளும். 'கூடும்' என்பதே ஏற்புடையது.

அரக்கனின் மனைவி பெயரிலும் இடறல் உண்டு. 'டிஃபிடன்ஸ்' என்னும் அச்சொல் இன்று கூச்சத்தைக் குறிக்கும். 17-ஆம் நூற்றாண்டில் நம்பாமையைக் குறித்தது. இன்றைய பொருளைக் கொண்டால் கதையின் தருக்கமே குலையும்.

இருவரும் விடியுமட்டும் வேண்டுகின்றனர். அதன்பின் வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைக் கிறிஸ்தியான் நினைவுகூர்கின்றான். கதவைத் திறப்பது துணைவன் அல்லன். திறக்கும் நேரம்வரை நண்பனை உயிரோடு வைத்திருந்தவன் அவன்.

5. காப்பியமாக்கம்

வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்த கிருஷ்ண பிள்ளை, 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். காப்பியம் நூலாக வெளிவந்தது 36 ஆண்டுகளுக்குப் பின்னரே. பன்யனின் எளிய பேச்சு நடை, கம்பனில் தோய்ந்த விருத்தங்களாக மாறியபோது, சிறையறையில் இருவர் தாழ்குரலில் பேசும் அணுக்கம் குறைந்தது. ஆயினும் இடையிடையே அமைந்த பதிகங்கள், வேண்டுதலுக்குத் தமிழ்ப் பத்தி மரபின் குரலைத் தந்தன. மூலத்தில் உரையாடலாக நின்றது இங்கு இசையாயிற்று. இழப்பும் ஆக்கமும் ஒரே தேர்விலிருந்து விளைந்தவை.

6. முடிவுரை

ஐயக் கோட்டைக் காட்சி, துயருற்ற வாசகனுக்குப் பொய்யான உறுதி எதனையும் அளிக்கவில்லை. அதன் நேர்மை ஒரு துணைவினையின் தேர்வைப் பொறுத்தே நிற்கின்றது. புதிதாகத் தமிழாக்க முனைவோர் சொற்களஞ்சியத்திற்குத் தரும் கவனத்தை வினைமுற்றுகளின் பாங்கிற்கும் தருதல் இன்றியமையாதது.