ஆயத்தநாளும் மும்மணி ஆராதனையும்

லெந்து காலத்தில் நம் சபைகளில் நடைபெறும் வழிபாடுகளுள் பெரிய வெள்ளிக்கிழமையின் மும்மணி ஆராதனைக்குத் தனியிடம் உண்டு. நண்பகல் தொடங்கி மூன்று மணி வரை, சிலுவையினின்று ஆண்டவர் மொழிந்த ஏழு வார்த்தைகள் ஒவ்வொன்றாக விளக்கப்படுகின்றன. ஆண்டு முழுவதும் ஆலயத்தை எட்டிப் பாராதவர்களும் அன்று உபவாசத்துடன் வந்து அமர்கின்றனர். பலர் கண்ணீர் சிந்துகின்றனர். மூன்றாம் நாள் விடியற்காலையில் அதே மக்கள் உயிர்த்தெழுந்த ஆண்டவரைப் பாடித் துதிக்கின்றனர். ஆயினும், பகைத்திருந்த குடும்பங்கள் அதற்குப் பின்னும் பகைத்தே இருக்கின்றன. சபைத் தேர்தலின் வழக்குகள் நீதிமன்றத்தில் தொடர்கின்றன. இவ்வாராதனை உயிர்த்தெழுதலின் திருநாளுக்கு இறைமக்களின் உள்ளத்தை உண்மையிலேயே ஆயத்தப்படுத்துகின்றதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராதனையின் தோற்றம்

மும்மணி ஆராதனை ஆதித்திருச்சபையினின்று வழிவழியாக வந்தது என்று எண்ணுவோர் உளர். இன்று நாம் அறிந்துள்ள வடிவில் அது அத்துணைப் பழமையானதன்று. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லீமா நகரில், 1687ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திற்குப் பின், அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குருவால் அது உருவாக்கப்பட்டது. அங்கிருந்து அது ஸ்பெயின் நாட்டிற்குப் பரவிற்று. 1780களில் இசை மேதை ஹைடன் ஏழு வார்த்தைகளுக்கு இசையமைத்தது ஸ்பெயினின் காடிஸ் நகரில் நடைபெற்ற இத்தகைய ஆராதனைக்கே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துத் திருச்சபையில் அது இடம்பெற்றது. அச்சத்தால் நடுங்கிய ஒரு நகரத்தின் மனந்திரும்புதலிலிருந்து பிறந்த வழிபாடு இது என்பது நினைவிற்குரியது. வேறு சபையினரிடமிருந்து வந்தது என்பதால் அதைத் தள்ள வேண்டியதில்லை. ஒருநாள் நண்பகலில் அலுவல்களை விட்டுச் சிலுவையின் முன் அமர மக்களைப் பழக்கியிருப்பது அதன் பெரும் பயன். நம் திறனாய்வு அதன் தோற்றத்தைப் பற்றியதன்று. அதன் அமைப்பைப் பற்றியது.

ஏழு வார்த்தைகளும் நான்கு நற்செய்திகளும்

ஏழு வார்த்தைகளையும் ஒருங்கே கூறும் நற்செய்தியாளர் ஒருவருமில்லை. மூன்றை லூக்கா தருகின்றார். மூன்றை யோவான் தருகின்றார். எஞ்சிய ஒன்றை மத்தேயுவும் மாற்கும் தருகின்றனர். நான்கு தோட்டத்து மலர்களைக் கொய்து ஒரே மாலையாகத் தொடுத்ததுபோல இவ்வரிசை பின்னர் அமைக்கப்பட்டது. மாலை அழகானதே, ஆனால் மலர்கள் தம் வேரினின்று பிரிக்கப்பட்டுவிட்டன.

மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் சிலுவையில் கூறும் வார்த்தை ஒன்றே: தந்தையால் கைவிடப்பட்ட நிலையை வெளியிடும் கதறல். அதற்குப் பின் சொற்களற்ற ஒரு பெருங்கூக்குரல், பின் மரணம். அவ்விருளில் மாற்கு நம்மை நிறுத்திவைக்கின்றார். ஏழு வார்த்தை வரிசையிலோ இக்கதறல் நடுவில் நான்காவதாக நிற்கின்றது. அதன் கூர்மை நம்மைத் தைக்குமுன் முடிந்தது என்ற வெற்றி மொழியும் தந்தையிடம் ஆவியை ஒப்படைக்கும் அமைதியும் வந்துவிடுகின்றன. மேலும், மாற்கு மூன்று முறை ஆண்டவரின் பாடுகளை முன்னறிவிக்கின்றார். ஒவ்வொரு முறையும் சீடர் அதனைப் புரிந்துகொள்ளாமையையும், அதனையொட்டி ஆண்டவர் சீடத்துவத்தைப் பற்றிக் கற்பித்ததையும் எழுதுகின்றார். அதிகாரங்கள் 8 முதல் 10 வரை இவ்வாறு கேட்டுவந்தவர் கல்வாரியை அடையும்போது, ‘நாம் அவரைப் பின்பற்றினோமா?’ என்ற வினாவிலிருந்து தப்பவியலாது. அம்முன்னுரையின்றி வார்த்தையை மட்டும் கேட்பவருக்கு இவ்வினா எழுவது அரிது.

ஏழு பேச்சாளர்கள் ஏழு வார்த்தைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் சபைகளில் இக்குறை இன்னும் பெரிதாகின்றது. மூன்று மணி நேரத்திற்குள் ஏழு அருளுரைகள் அடங்கவேண்டியிருப்பதால் மௌனத்திற்கும் பாவ அறிக்கைக்கும் இடமின்றிப் போகின்றது. எவர் நன்றாகப் பேசினார் என்பதே வீட்டிற்குத் திரும்பும் வழியில் உரையாடலாகின்றது.

எருசலேமின் சான்று

பெரிய வெள்ளியின் நண்பகல் வழிபாட்டைப் பற்றி மிகப் பழமையான சான்று ஒன்று உண்டு. 381 முதல் 384 வரை கீழைநாடுகளில் திருப்பயணம் செய்த எகேரியா என்ற பெண்மணி, எருசலேம் சபையின் வழிபாட்டைத் தம் சகோதரிகளுக்கு விரிவாக எழுதினார். அந்நூலின் கைப்பிரதி 1884இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை மக்கள் சிலுவையின் முன் கூடினர் என்றும், சங்கீதங்களும் நிருபங்களும் தீர்க்கதரிசனங்களும் நற்செய்திகளும் இடையிடையே செபத்துடன் வாசிக்கப்பட்டன என்றும், பெரியோரும் சிறியோரும் அழுதனர் என்றும் அவர் கூறுகின்றார். அங்கும் மூன்று மணி நேரம், அங்கும் கண்ணீர். ஆனால் அக்கண்ணீருக்கு முன் நிகழ்ந்தவற்றையே நாம் கருத்தூன்றி நோக்கவேண்டும்.

உயிர்த்தெழுதலின் திருநாளில் திருமுழுக்குப் பெற விரும்பியோர் லெந்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவராகப் பேராயர் முன் நிறுத்தப்பட்டனர். இவர் நல்வாழ்வு வாழ்கின்றாரா, பெற்றோரை மதிக்கின்றாரா, குடிவெறியரா, பொய்யரா என்று பேராயர் வினவினார். அவ்வினாக்கள் திருமுழுக்கை விரும்பியவரை நோக்கி எழுப்பப்படவில்லை. அவருடைய அயலாரை நோக்கியே எழுப்பப்பட்டன. குற்றமற்றவர் என்று அயலார் சான்று பகர்ந்தால் பேராயர் தம் கையாலேயே அவர் பெயரை எழுதினார். குறை காணப்பட்டால், வெளியே சென்று திருந்திய பின் திருமுழுக்குக்கு வருமாறு பணித்தார். பின்னர் நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் ஆதியாகமம் தொடங்கித் திருமறை கற்பிக்கப்பட்டது. ஐந்து வாரங்களுக்குப் பின் விசுவாசப் பிரமாணம் கற்பிக்கப்பட்டது. முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தோரும் அமர்ந்து கேட்டனர். ஆகவே, எருசலேமில் வெள்ளிக்கிழமையின் மூன்று மணி நேரம் தனித்து நிற்கவில்லை. அயலாரின் சான்றும், பல வாரப் போதனையும் அதற்கு முன் நின்றன. திருமுழுக்கு அதற்குப் பின் நின்றது. இவ்வுடலிலிருந்து ஓர் உறுப்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டதைப் போன்றது நம் இன்றைய நிலை.

லூத்தரின் எச்சரிக்கை

கீழ்ப்படிதலை வலியுறுத்துவது கிருபையின் நற்செய்தியைக் கிரியைகளின் சுமையாக மாற்றிவிடாதா என்று சிலர் வினவக்கூடும். சீர்திருத்தச் சபையினராகிய நமக்கு இவ்வச்சம் இயல்பானதே. இதற்கு மார்ட்டின் லூத்தரே விடையளிக்கின்றார். கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிப்பது பற்றி 1519இல் அவர் வெளியிட்ட அருளுரை, பாடுகளை எண்ணி யூதாசின்மீது சினங்கொள்வோரையும், கிறிஸ்துவுக்காக இரக்கப்பட்டு அழுவதோடு நின்றுவிடுவோரையும் கண்டிக்கின்றது. அவர் காட்டும் வழி மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, இப்பாடுகளுக்குக் காரணம் நம் பாவமே என்று கண்டு நடுங்குதல். இரண்டாவது, அப்பாவத்தைக் கிறிஸ்துவின்மேல் வைத்து, அவருடைய உயிர்த்தெழுதலில் அது வெல்லப்பட்டதைக் கண்டு இளைப்பாறுதல். மூன்றாவது, அதன் பின்னரே, அப்பாடுகளை நம் வாழ்நாள் முழுவதற்கும் மாதிரியாகக் கொள்ளுதல். கீழ்ப்படிதல் இங்கே மன்னிப்பின் விலையன்று, மன்னிப்பின் கனி.

பவுலடியாரும் இதே ஒழுங்கைக் கொரிந்தியருக்கு எழுதுகின்றார் (1 கொரி. 5:7,8). பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டாயிற்று. ஆகையால் பழைய புளித்தமாவைக் களையவேண்டும். அவர் குறிப்பிடும் புளித்தமா தனிமனிதரின் உள்ளத்து மாசு மட்டுமன்று. சபை நடுவே இருந்து அனைவரும் பொறுத்துக்கொண்ட ஒரு வெளிப்படையான தீங்கு.

நம் நாட்டுப் புளித்தமா

தமிழ்த் திருச்சபையில் அனைவரும் அறிந்தும் பொறுத்துக்கொண்டுள்ள புளித்தமா எது என்று கூற நெடிது ஆராயவேண்டியதில்லை. சபைகளில் சாதி வேற்றுமை முற்றிலும் கைவிடப்படவேண்டுமென்று 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதனை ஏற்காது விலகியோர் பலர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடிய பாடுகளின் கீர்த்தனைகள் இன்றும் லெந்து காலத்தில் நம் உள்ளத்தை உருக்குகின்றன. அவரே சபையில் சாதி வழக்கங்களை நீக்க முயன்ற மிஷனரிமாரை எதிர்த்து எழுதினார். இதை நாம் சுட்டுவது அப்பெரும் புலவரைப் பழிப்பதற்கன்று. சிலுவையைப் பற்றி உள்ளம் உருகுவதும் சிலுவைக்குக் கீழ்ப்படிவதும் ஒரே நெஞ்சில் தனித்தனியே வாழக்கூடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுண்டு என்பதே நாம் கூற விழைவது. இன்றும் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்துவைத்துள்ள ஊர்களில், அச்சுவரைப் பற்றிப் பேசாத உயிர்த்தெழுதலின் அருளுரை எதைப் பேசும்?

ஆகவே மும்மணி ஆராதனையை நாம் நீக்கவேண்டுவதில்லை. அதனை அதன் உடலோடு மீண்டும் இணைக்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நற்செய்தியைத் தேர்ந்து, லெந்து முழுவதும் அதனைத் தொடர்ந்து போதித்து, பெரிய வெள்ளியன்று அதன் பாடுகளின் வரலாற்றை முழுமையாக வாசிக்கலாம். அருளுரைகளைக் குறைத்து மௌனத்தைக் கூட்டலாம். தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் கையிலிருந்து கைக்கு அளிக்கப்படும் சமாதானத்தை, பரிசுத்த வியாழனன்று, பகைத்திருப்போரை ஆயர் முன்னரே சந்தித்து ஒப்புரவாக்கிய பின் பகிரலாம். உயிர்த்தெழுதலின் விடியற்காலையில் சபை முழுவதும் தன் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கலாம். இவற்றுள் கடினமானது ஒப்புரவே. அதனாலேயே அது முதலாவது தொடங்கப்படவேண்டும்.

லூக்கா நற்செய்தியாளர் இருவகை மக்களை நமக்குக் காட்டுகின்றார். சிலுவைக் காட்சியைக் காணக் கூடியிருந்த திரளான மக்கள் தங்கள் மார்பில் அடித்துக்கொண்டு வீடு திரும்பினர் (23:48). அவர்களுடைய துயரம் பொய்யானதன்று. ஆயினும் அவர்களைப் பற்றி அவர் மேலும் ஒன்றும் கூறவில்லை. அரிமத்தியா ஊர் யோசேப்போ பிலாத்துவிடம் துணிந்து சென்று ஆண்டவரின் உடலைக் கேட்டார். அது ஆயத்தநாள். கலிலேயப் பெண்கள் கல்லறையைப் பார்த்து, திரும்பிப் போய், நறுமணப் பொருள்களை ஆயத்தம்செய்து, கற்பனையின்படியே ஓய்வுநாளில் அமர்ந்திருந்தனர் (23:54-56). காலியான கல்லறையின் செய்தியை முதலில் கேட்டவர்கள் இப்பெண்களே. நம் மும்மணி ஆராதனையிலிருந்து வீடு திரும்புவோர் இவ்விரு கூட்டத்தாருள் எவராய்த் திரும்புகின்றனர் என்பதற்கு, வழிபாட்டை நடத்துகின்ற ஆயர்களாகிய நாம் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்களாயிருக்கின்றோம்.