அரும்பொருளும் அருமையும்

மியூசியம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம்மவர் பல பெயர்களை இட்டு வழங்கியுள்ளனர். தமிழ்நாட்டில் பொருட்காட்சிசாலை என்று வழங்கியது பின்னர் அருங்காட்சியகம் ஆயிற்று. இலங்கையில் நூதனசாலை என்பர். மலேசியத் தமிழர்க்கும் சிங்கப்பூர்த் தமிழர்க்கும் அது அரும்பொருளகம். சென்னைப் பாமர மக்களோ இவற்றுள் எதனையும் வேண்டாது, எழும்பூர்க் காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர்.

இவற்றுள் பொருளுக்கு ஒத்த பெயர் எது? நூதனம் என்றால் புதுமை. பழமையைக் காக்கும் இடத்திற்கு அது பொருந்துமாறு இல்லை. 'செத்த காலேஜ்' என்பதில் நகை மட்டுமன்றி, ஒரு கண்டனமும் உண்டு. பேணுவாரும் எடுத்துரைப்பாரும் இல்லாத பொருள் பிணத்தை ஒக்கும் என்பதே அது. எஞ்சியது அரும்பொருளகம். இதில் உள்ள அருமை யாது? எளிதில் கிடைக்காதது என்றே நம் வகுப்பறைகளில் பொருள் கூறுகிறோம். அப்பொருள் போதுமா என்பதை ஒரு வரலாற்றைக் கொண்டு சோதிப்போம்.

பினாங்கிலிருந்தே தொடங்கலாம். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. 1936 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸின் 'டொராடோ' என்னும் விமானம் இங்கிருந்து ஹாங்காங்கிற்கு அஞ்சல் சுமந்து பறந்தது. 1937 ஜூன் 28இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்து விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. அதில் பறந்தவை 'டிராகன் ரேப்பிட்' வகை. டொராடோவும் ரேப்பிட்டும் டி ஹாவிலண்ட் நிறுவனம் மரத்தால் கட்டியவை. அவை பினாங்கு வானை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. கப்பலேறி வந்த கதையை நாம் எழுதியுள்ளோம். வான்வழி திறந்த கதையை எழுதினோம் இல்லை.

அந்நிறுவனத்தின் மர விமானங்களுக்கு வேறோரிடத்தில் வாழ்வு கிடைத்தது. இங்கிலாந்தில் லண்டன் கோல்னிக்கு அருகில் சாலிஸ்பரி மண்டபம் என்னும் பழைய மாளிகை உள்ளது. 1939இல் டி ஹாவிலண்ட் பொறியாளர் அங்கே ஒதுங்கியிருந்து, கொசு எனப் பொருள்படும் 'மாஸ்கிட்டோ' விமானத்தை வரைந்தனர். அதன் முதல் விமானம் 1940 நவம்பர் 25இல் பறந்தது. பின்னர் அவ்வகையில் 7,700க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. பிரிட்டிஷ் விமானப் படையின் மாஸ்கிட்டோ இறுதியாகப் போர்ப்பணி ஆற்றியதும் நம் மண்ணின் மேலேதான்: 1955 டிசம்பர் 15இல், அவசரகாலத்தின்போது, சிங்கப்பூரின் சிலேத்தாரிலிருந்து படமெடுக்கப் புறப்பட்ட விமானம் அது.

இத்தனை ஆயிரம் இருந்தமையால் முதல் விமானத்தை அருமையாக எவரும் கருதவில்லை. எரித்துவிடவும் எண்ணினர். நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பணியாளரான பில் பெயர்டு அதனை எரிய விடாது காத்தார். பின்னர் மாளிகையில் குடியேறிய வால்டர் கோல்ட்ஸ்மித் என்னும் ஓய்வுபெற்ற மேஜர், தம் இல்லத்தின் வரலாற்றை ஆராய்ந்து அவ்விமானத்தைத் தேடிச் சென்றார். 1958இல் அது பிறந்த இடத்திற்கே மீண்டது. 1959 மே 15இல் காட்சிசாலை திறக்கப்பட்டது. அரசு எழுப்பிய மாளிகையன்று அது. பெரும்பாலும் தொண்டர் உழைப்பால் வளர்ந்தது. நாம் மேலே கண்ட டிராகன் ரேப்பிட் வகையிலும் ஒன்று அங்கே தொண்டர் கைகளால் செப்பம் பெற்றது.

மரத்தைக் காப்பது எளிதன்று. 1944இல் இந்தியாவில் சில மாஸ்கிட்டோக்களின் சிறகுகளில் ஒட்டு விட்டுப்போனமையால், அவற்றைப் பறக்கவிடாது நிறுத்திச் சோதிக்க நேர்ந்தது. பறக்கும் காலத்திலேயே இந்நிலை என்றால், பல்லாண்டு நின்ற விமானத்தை மீட்கும் உழைப்பை எண்ணிப் பாருங்கள். முதல் விமானத்தைப் புதுப்பிக்கும் பணி 2015 அளவில்தான் நிறைவுற்றது.

இங்கே தமிழ்ச்சொல் நமக்கு வழிகாட்டுகிறது. அருமை என்பதற்குக் கிடைத்தற்கருமை மட்டும் பொருளன்று, செயற்கருமையும் பொருளாகும். 'அரிது' என்றால் செய்தற்கு வருத்தமானது என்பதை ஆசிரியர் அறிவர். ஆகவே அரும்பொருள் என்பது கிடைப்பதற்கு அரிய பொருள் மட்டுமன்று, காப்பதற்கு அரிய பொருளுமாம். பெயரை மாற்ற வேண்டியதில்லை. அதன் மறுபாதியைக் கற்பிக்க வேண்டும்.

தொண்டர் முயற்சியிலும் ஒரு குறை உண்டு. அன்பால் நடப்பது அன்புடையார் மூப்படைந்தால் தளரும். ரேப்பிட்டின் துணியைத் தைக்கவும் மாஸ்கிட்டோவின் பலகையை வளைக்கவும் அறிந்த கைகள் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்காவிடின், பொருள் இருந்தும் காட்சிசாலை 'செத்த காலேஜ்' ஆகிவிடும். பொருளைக் காப்பதைக் காட்டிலும் காக்கும் கலையைக் காப்பதே அரிது.

இது விமானத்தோடு நிற்கும் செய்தியன்று. தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு, பால்மரம் வெட்டிய கத்தி, பழைய தமிழ் இதழின் கட்டு ஆகியவை நம் வீடுகளில் மலிவாகக் கிடந்தவை. மலிவானவை என்பதனாலேயே எரிந்தன, கறையானுக்கு இரையாயின. அருமை கிடைத்தற்கருமையே என்று கொண்டால், கடைசிப் பிரதி ஆகும்வரை எதனையும் காக்க மாட்டோம். கடைசிப் பிரதி எது என்பது அது அழிந்த பின்னரே தெரியும். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஓர் அலமாரியை ஒதுக்கி, ஒரு மாணவனைப் பொறுப்பாளனாக்கினால், அரும்பொருளகம் என்னும் சொல்லுக்கு அதுவே நல்ல உரையாகும்.