காய்ச்சல் விட்டது சரி, கசாயத்தாலா?

“குடிச்சேன், சரியாயிடுச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” நிலவேம்புக் குடிநீர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். 2017 அக்டோபர் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான்.

அந்த மாதம் எங்கள் சித்திக்கு டெங்கு. தெருமுனையில் கொடுத்த குடிநீரைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனவன் நான்தான். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. “பாத்தியா, கசாயம் வேலை செஞ்சிடுச்சு” என்று சித்தி சிரித்தார். மறுநாள் காலையில் வயிற்றுவலி, நிற்காத வாந்தி. கசப்புதான் வயிற்றைப் புரட்டுகிறது என்று நினைத்து மதியம் வரை சும்மா இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்த அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது. பிழைத்துவிட்டார். ஆனால் அந்த அரை நாளை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகுதான் டெங்குவின் போக்கைப் படித்தேன். பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். தட்டணுக்கள் இறங்கும், பிறகு தானாகவே ஏறும். ஆயிரம் பேருக்கு வெறும் வெந்நீரைக் கொடுத்தாலும் பெரும்பாலானவர்கள் எழுந்து நடமாடுவார்கள், எல்லோரும் வெந்நீரைப் புகழ்வார்கள். அதனால் “குடிச்சேன், சரியாச்சு” என்பது பொய் இல்லை. ஆனால் அது ஆதாரமும் இல்லை. குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதில் இல்லையே!

இன்னொன்று இதைவிட முக்கியம். டெங்குவில் சிலருக்கு ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் விடும் நேரத்தில்தான். பொதுவாக 3 முதல் 7 நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கும். அதை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களை விட்டுக் கசியலாம். அதாவது, மருந்து ஜெயித்துவிட்டது என்று நாம் நிம்மதியாகும் அதே நேரத்தில்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பெரிய அளவில் கொடுத்தது. 2017-ல், ஆய்வு முடிவு வரும் வரை அதை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் இயக்கத்தினரிடம் சொன்னதும் பெரிய சண்டையே நடந்தது. நான் பார்த்தவரை ஒரு பக்கம் “நம் பாரம்பரியத்தை அவமதிக்கிறான்”, மறுபக்கம் “கசாயம்னாலே ஏமாத்து வேலை”. இரண்டுமே ஆதாரத்தை எடைபோடும் வேலை இல்லை.

ஆய்வகத்தில் செல்களின் மேல் நிலவேம்பின் சத்து வைரஸைத் தடுத்தது என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் தட்டில் வளர்த்த செல் வேறு, ஆள் வேறு. குடித்த மருந்து செரித்து, கல்லீரலைத் தாண்டி, போதிய அளவில் ரத்தத்தில் சேர வேண்டும். பப்பாளி இலைச்சாறு தட்டணுக்களை ஏற்றும் என்கிறார்கள். ஏற்றட்டும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் கசிவும் அதனால் வரும் அதிர்ச்சியும்தான். எண்ணிக்கை ஏறினால் போதாது, ஆள் தப்பித்தாரா என்பதே கேள்வி.

“கசாயம்னாலே ஏமாத்து” கட்சிக்கும் ஒரு சேதி. சீனாவின் தூ யூயூ, நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, சூடாக்கினால் கெட்டுப்போகும் சத்தைக் குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். அதுதான் மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு. பழைய ஏட்டில் இருந்தது என்பதற்காக உலகம் அதை ஏற்கவில்லை, தள்ளவும் இல்லை. நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது.

நிலவேம்புக்கும் அதே மரியாதையைத்தான் கேட்கிறேன். டெங்கு உறுதியானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குடிநீர், மறுபாதிக்கு அதே கசப்பில் வேறொன்று கொடுக்க வேண்டும். இருவருக்கும் வழக்கமான சிகிச்சை தொடரட்டும். யாருக்கு எது என்று தெரியாதவர் முடிவை எண்ண வேண்டும்.

அதுவரை? குடிக்க விரும்பினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். ஆனால் காய்ச்சல் விட்டதும் இரண்டு நாள் கண்ணை எடுக்காதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசாத்தியச் சோர்வு, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மதியம் வரை பார்க்கலாம் என்று எங்களைப் போல உட்கார்ந்திருக்காதீர்கள்.