படத்துக்குக் கீழே எழுதுவது யார்?

விளிம்புநிலை மக்களின் கையிலேயே கெமராவைக் கொடுத்து, அவர்கள் எடுக்கும் படங்களை வைத்து ஆய்வு செய்யும் முறை நமது பக்கத்திலும் கையாளப்படத் தொடங்கியிருக்கிறது. 'போட்டோவொய்ஸ்' என்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் நான் பார்த்தவற்றில் அதன் முற்பாதி மட்டுமே நடக்கிறது.

பிற்பாதி என்ன என்பதற்கு முறை பிறந்த இடத்துக்கே போகவேண்டும். 1992 இல் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வோங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 62 கிராமத்துப் பெண்களோடு இதைச் செய்தார்கள். முதலில் 'போட்டோ நொவெல்லா' என்றவர்கள், 1997 கட்டுரையில் 'போட்டோவொய்ஸ்' என்று பெயரை மாற்றினார்கள். கதை போய்க் குரல் வந்தது. அங்கே எடுக்கப்பட்ட படங்களில் ஒன்று: தாய் சோளக்காட்டில் களை பிடுங்குகிறாள், காட்டோரத்தில் கைக்குழந்தை தனியே கிடக்கிறது. வெளியாள் பார்த்தால், பொறுப்பில்லாத தாய் என்று சொல்லிவிட்டுப் போவான். கிராமத்துப் பெண்களோ அதில் தங்களையே கண்டார்கள். வயல் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று பேச்சு வளர்ந்தது. பிள்ளைப் பராமரிப்பு அதிகாரிகளின் கவனத்துக்குப் போனது.

ஆக, எந்தப் படம் என்று தெரிவதும், அதற்குக் கதை சொல்வதும், கதைகளிலிருந்து பொதுப் பிரச்சினைகளைப் பிரித்தெடுப்பதும் எடுத்தவர்களின் வேலை. பாவ்லோ ஃப்ரெய்ரே பிரேசிலில் சித்திரங்களைக் காட்டி விவசாயிகளைப் பேசவைத்தாரே, அதன் தொடர்ச்சி இது. இந்தப் பேச்சுக்குத்தான் நாள் எடுக்கும். நமது ஆய்வாளர்கள் வெட்டுவதும் இதைத்தான்.

வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 இல் ஒஸ்கார் பெற்ற 'போர்ன் இன்டு புரொதல்ஸ்' ஆவணப்படத்தைப் பார்க்கலாம். கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஸானா பிரிஸ்கி படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளின் படங்கள் அபாரம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் திரையில் ஓடும் கதை, அவர்களை மீட்க அலையும் ஸானாவின் கதை. தாய்மார் ஏசுகிறவர்களாகவே பெரும்பாலும் வந்துபோகிறார்கள். அந்தப் பெண்கள் தாங்களே நடத்தும் துர்பார் அமைப்பைப் படம் கண்டுகொள்ளவில்லை என்று அப்போதே கண்டனம் எழுந்தது.

இது தூரத்துக் கதையென்று விட்டுவிட முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் வாழும் புத்தளக் குடியேற்றம் ஒன்றில், சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் பெண்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்திருந்தது. 'எங்கட பொம்பிளைகளோட இது சரிவராது, முகத்தைப் படம் பிடிக்க விடமாட்டாங்க' என்று சொல்லிக்கொண்டே என்னுடன் வந்தார் ஒரு சக ஆசிரியர். ஒரு முகமும் இருக்கவில்லை. வாசலில் செருப்புகள், கிடுகு வேலி, வாளிகள். கெமரா அவர்கள் கையில் இருக்கும்போது முகம் வேண்டுமா வேண்டாமா என்பதும் அவர்கள் முடிவுதானே!

ஒரு கிணற்றுப் படத்தின் கீழே, 'நீர்ப் பற்றாக்குறையால் அவதியுறும் இடம்பெயர்ந்தோர்' என்று எழுதியிருந்தது. கிணற்றில் தண்ணீர் தாராளமாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற தாய்தான் அதை எடுத்தவர். கேட்டேன்.

"தண்ணிக்கு ஒரு குறையுமில்ல சேர். ஊராக்கள்ட கிணறு. விடிஞ்சா பிறகு போனா ஏசுவாங்க எண்டு நாங்க சுபஹுக்கு முந்தியே போய் அள்ளிட்டு வந்துருவம். இருட்டுக்க எடுத்தா படம் விழாதெண்டாங்க, அதான் பகல்ல எடுத்தன்."

அவர் எடுக்க நினைத்தது இருட்டை. அது படத்திலும் இல்லை, வசனத்திலும் இல்லை. இதை யாருக்காவது சொன்னீர்களா என்றேன். "ஆரும் கேக்கல்லியே" என்றார்.

அந்தத் தூய தமிழ் வசனம் யாருடையது என்று ஊகிக்க எனக்குச் சிரமமில்லை. 'எண்டு' என்று வந்தால் சிவப்பு மையால் 'என்று' ஆக்குவது எங்கள் தொழில் வியாதி. நானும் இருபது வருடமாகச் செய்கிறேன்.

பொறுப்பாளரிடம் அந்தத் தாய் சொன்னதை அப்படியே படத்தின் கீழே போடுங்கள் என்றேன். ஆங்கில அறிக்கை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம்.