தானே வாசிக்கும் பியானோவும் வீட்டு வைஃபையும்

தானியங்கி பியானோவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயக்கியது துளையிட்ட காகிதச் சுருள். துளை வழியே புகும் காற்று சுத்தியலை அசைத்தது. இன்று யமஹாவின் டிஸ்க்ளேவியர் போன்ற பியானோக்களில் அந்த வேலையை மின்காந்தங்கள் செய்கின்றன. 88 கட்டைகளுக்கும் தனித்தனியே ஒன்று. ஆனாலும் ஒலிப்பது உண்மையான தந்திதான், ஒலிபெருக்கி அல்ல. இதன் அழகே அதுதான்.

இத்தகைய பியானோவுக்குக் கம்பியில்லா வலையில் வந்து சேர்வது ஒலி அல்ல, கட்டளை: எந்தக் கட்டை, எவ்வளவு விசை, எப்போது. இக்கட்டளைகளை அனுப்ப 1983இல் வந்த மிடி (MIDI) முறையில் ஒரு சுரத்தைத் தொடங்க மூன்று பைட்டே போதும். விசைக்கு 128 படிகள். எனவே வேகம் குறைந்த வைஃபையே தாராளம். மென்மையாகத் தட்டும் சுத்தியல் தந்தியை அடையச் சற்று அதிக நேரமாகும். அதை ஈடுகட்ட டிஸ்க்ளேவியர் எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ அரை நொடி தாமதித்து ஒலிக்கிறது. கேட்பவருக்கு இது தெரிவதே இல்லை.

சிக்கல் பெரும்பாலும் இணைப்பில்தான். பியானோவும் அதை இயக்கும் கைபேசியும் ஒரே வலையில் இருக்க வேண்டும். விருந்தினர் வலையில் கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி தடுப்பது வழக்கம். ரவுட்டர் தொலைவில் இருந்தால், சுவர்களை எளிதாகக் கடக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே நல்லது. பியானோவின் வார்ப்பிரும்புச் சட்டம் அலையை மறைக்கும் என்பதால் வைஃபை ஆன்டெனாவை அதன் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது. ஈதர்நெட் கம்பி இழுக்க வழியிருந்தால் அதுவே மேல்.