கணக்கு முந்தியா, கைபேசி முந்தியா?

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். பின்னாளில் அங்கே நாணயச் சாலையும் நடத்தினார்கள். அதே ஒல்லாந்தக் கும்பனி 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, இலங்கைக் கரையிலும் தன் காசைப் புழங்கவிட்டது. இன்று இரு கரையிலும் காசு கைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் இலங்கை அதைக் கொண்டுபோன வழி வேறு, இந்தியா கொண்டுபோன வழி வேறு. எந்த வழி பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெண்ணுக்கு அதிகம் உதவியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கை கைபேசியிலிருந்து தொடங்கியது. 2012இல் டயலொக் நிறுவனம் ஈஸி கேஷ் சேவையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மொபிட்டலின் எம்கேஷ் வந்தது. இவற்றுக்கு வங்கிக் கணக்கு வேண்டாம். தேசிய அடையாள அட்டையும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும். ரீலோட் போடும் சந்திக் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால் அது எண்ணில் ஏறும், அதே கடையில் எண்ணிலிருந்து ரொக்கமாக இறங்கும். பொத்தான் வைத்த பழைய கைபேசியிலும் வேலை செய்யும். மக்களின் பணத்தைத் தொலைபேசி நிறுவனம் தன் கல்லாவில் வைத்துக்கொள்ள முடியாது, பொறுப்பு வங்கி ஒன்றில் தனியாக வைத்தாக வேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. அந்த ஒரு விதிதான் கடைக்காரரிடம் காசை நீட்டும் துணிச்சலைச் சாதாரண ஆளுக்குத் தந்தது என்று நினைக்கிறேன்.

இந்தியா தொலைபேசி நிறுவனத்துக்கு இந்த இடத்தைக் கொடுக்கவில்லை. கென்யாவில் கொடிகட்டிப் பறந்த எம்-பெசாவை வோடபோன் 2013இல் இங்கே கொண்டுவந்தபோது, வங்கி ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வர முடிந்தது. 2019இல் அது மூடப்பட்டது. மக்கள் பணத்தை வங்கிதான் கையாள வேண்டும் என்பதில் ரிசர்வ் வங்கி உறுதியாக நின்றது. அதனால் முதலில் கணக்கு, பிறகு கைபேசி என்று வரிசை அமைந்தது. 2014 ஆகஸ்ட் 28இல் எல்லாருக்கும் வங்கிக் கணக்கு என்ற ஜன் தன் திட்டம் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகளில் 50 கோடிக் கணக்குகளைத் தாண்டியது, அவற்றில் பாதிக்கும் மேல் பெண்கள் பெயரில். 2016இல், கைபேசி வழியே கணக்குக்குக் கணக்கு பணம் அனுப்பும் யுபிஐ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8இல் வந்த பணமதிப்பு நீக்கம் கைபேசிப் பணத்தின் பக்கம் ஊரையே தள்ளியது. 2020 ஜனவரி முதல் யுபிஐ வழி வாங்கும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ஆனது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன.

உலக வங்கியின் 2011 கணக்கெடுப்பில் இலங்கையின் வயதுவந்தோரில் 69 சதவீதம் பேருக்குக் கணக்கு இருந்தது, இந்தியாவில் 35 சதவீதம் பேருக்கு. கணக்கு ஏற்கெனவே பரவியிருந்த நாடு கணக்கில்லாதவருக்கும் வழி திறந்தது. பெரும்பாலோருக்குக் கணக்கே இல்லாத நாடு, கணக்கில்லாமல் உள்ளே வராதே என்றது. நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் இந்தியாவின் பிடிவாதம் பலித்தது என்றே சொல்ல வேண்டும். ஏரிக்கரையை வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது, தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில். அங்குள்ள பழைய மீனவக் குப்பங்கள் எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று பாடு முறை வைத்து ஏரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இலங்கைக் கரைவலைக்காரர்களுக்கும் பாடு உண்டு. பிடித்து வந்ததைக் கரையில் ஏலம் விடுகிறார்கள். ஏலம் என்று பெயர், ஆனால் வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்திருக்கும் வியாபாரிக்குத்தான் பலருடைய மீன் போகும். விலையில் அவர் சொல்வதற்கு எடை அதிகம். அந்த முன்பணம் நோட்டாக வந்தாலும் கைபேசியில் வந்தாலும் கட்டு ஒன்றுதான்.

இந்தப் பாடுகளில் எல்லாருக்கும் பங்கில்லை. பங்கில்லாத இருளர் பெண்களும் பிற ஏழைப் பெண்களும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறார்கள். இறாலை வியாபாரியிடம் போடும்போது பணம் எந்த எண்ணுக்குப் போகிறது? வீட்டில் தொடுதிரைக் கைபேசி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் மகனிடம் இருக்கும், அல்லது கணவனிடம். தண்ணீரில் இறங்கியவள் அவள், காசு வந்து விழுவது வேறொருவர் கணக்கில்.

அவளுக்குக் கணக்கே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை கணக்கில்தான் விழுகிறது. 8,000 ரூபாயாக உயர்ந்த மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் அப்படித்தான். விழுந்ததை எடுப்பதில்தான் சிக்கல். வங்கிக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டும், அல்லது ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் விரல் வைக்க வேண்டும். வருடக்கணக்காக உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறிய விரலில் ரேகை தேய்ந்துபோயிருந்தால் கருவி அவளை அடையாளம் காணாது. உழைத்ததற்காக ஒருத்தியின் விரல் ஏற்கப்படாமல் போவதை என்னால் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிக் கடக்க முடியவில்லை. 2014இல் திறந்த கணக்குகளுக்குப் பத்தாண்டு முடிந்ததால் மறுபடி ஆவணச் சரிபார்ப்பு வேண்டுமென்று 2025இல் ஊராட்சிதோறும் முகாம் நடத்தினார்கள். ஆவணம் குறைந்த குடும்பத்துக்கு அது இன்னொரு வாசற்படி.

இங்கேதான் இலங்கையின் சந்திக் கடை நினைவுக்கு வருகிறது. அவளுக்கென்று ஒரு எண், அதில் ஏறும் காசு, அடுத்த தெருக் கடையில் ரொக்கம். இந்தியாவிலும் கைபேசிப் பணப்பைகள் உண்டு, ஆனால் வங்கியல்லாத நிறுவனங்களின் பணப்பையிலிருந்து ரொக்கம் எடுக்க 2021இல்தான் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அதுவும் முழு ஆவணச் சரிபார்ப்பு முடித்தவர்களுக்கு மட்டும், ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், மாதத்துக்கு 10,000 ரூபாய்.

அதற்காக இலங்கையில் எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. ஒரு நிறுவனத்தின் பணப்பைக்கும் வங்கிக் கணக்குக்கும் நடுவே நெடுநாள் சுவர் இருந்தது. எல்லாருக்கும் பொதுவான லங்கா கியூஆர் தரம் 2018இல் வந்தும் சந்தையில் ரொக்கமே ஆள்கிறது. அங்கே கியூஆரைப் பாமரர் கைக்குக் கொண்டுவந்தது பணம் அல்ல, எரிபொருள் பஞ்சம். 2022 ஜூலையில் வந்த தேசிய எரிபொருள் அட்டைக்காக ஓட்டோக்காரர் முதல் எல்லாரும் கியூஆரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு அஸ்வெசும உதவித்தொகை வங்கிக் கணக்கு வழியே வரத் தொடங்கியபோது இலங்கையும் இந்திய வழிக்குத் திரும்பியது. 2024 பிப்ரவரி 12 முதல் யுபிஐ வைத்திருப்பவர் லங்கா கியூஆரில் பணம் செலுத்தலாம். இந்தியச் சுற்றுலாப் பயணிக்கு நல்ல வசதி. மன்னார்த் தீவின் பேசாலை மீனவருக்கு அதில் நேரடியாக எதுவும் இல்லை.

இணையத்தில் பொருள் வாங்குவதைப் பொறுத்தவரை இரு நாடும் ஒரே தந்திரத்தைக் கையாண்டன: பொருளை வாசலில் கொடுத்துக் காசை வாங்குவது. இந்தியாவில் பிளிப்கார்ட் இதை 2010இல் தொடங்கியது, இலங்கையில் தராஸ் அதையே செய்கிறது. 2003இல் தொடங்கிய இலங்கைத் தளமான கப்ருக்கா இன்னொரு வழி கண்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் அட்டையில் பணம் கட்டுவான், ஊரில் தாய் வாசலில் பொருளைப் பெறுவாள். குப்பத்துப் பெண்ணுக்கு வாசல் காசுதான் இன்றும் பாதுகாப்பு: பொருள் வாசலுக்கு வந்த பிறகு காசு கொடுக்கலாம், ஏமாற்று அழைப்பில் ரகசிய எண்ணைச் சொல்லிப் பணம் பறிபோகாது. அதை ஒழித்துக்கட்ட அவசரப்படுபவர்கள் அவளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு இலங்கை தரக்கூடியது சந்திக் கடை. முழு ஆவணச் சரிபார்ப்பு இல்லாத சின்னப் பணப்பையிலிருந்தும், தொகைக்கு வரம்பு வைத்தாவது, ஊர்க் கடையில் ரொக்கம் எடுக்க ரிசர்வ் வங்கி விட வேண்டும். இலங்கைக்கு இந்தியா தரக்கூடியது, எந்தக் கணக்கிலிருந்தும் எந்தக் கணக்குக்கும் கட்டணமில்லாமல் போகும் பாதை. ஏரிக்கரை வீட்டில் கைபேசி மகனுடையதாகவே இருக்கட்டும், கணக்கு தாயுடையதாக இருக்கலாம். 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள், கணக்கு வைத்திருப்பவர் தன் கணக்கிலிருந்து வரம்புக்குட்பட்டுச் செலவழிக்க இன்னொருவருக்கு அனுமதி தர இடமளிக்கிறது. யார் யாருக்கு அனுமதி தருவது என்பதில் வீட்டு வழக்கமும் மாற வேண்டும்.

வங்கிக் கடனுக்கும் இதே வாசல்தான். விவசாயக் கடன் அட்டை 2018-19இல் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வியாபாரியின் முன்பணத்திலிருந்து வெளியே வர அது ஒரு கதவு. ஆனால் கடன் கேட்கும் இடத்தில் வருமானத்துக்குச் சான்று கேட்கக்கூடும், அவள் பிடித்த இறாலின் வரவு மகன் கணக்கில் இருந்தால் அவளிடம் காட்ட எதுவும் இராது. மீன்வளத் துறையும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த ஒன்றையாவது விதியாக்க வேண்டும்: பெண் பிடித்த இறாலுக்கான பணம் அவள் பெயரில் உள்ள கணக்குக்கே போக வேண்டும், வேறு எண்ணுக்குச் செலுத்தும் வியாபாரியிடம் சங்கம் காரணம் கேட்க வேண்டும்.