பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?

பிங்க் ஃப்ளாய்டின் 'டைம்' பாட்டை முதல்முறை கேட்டது கல்லூரி விடுதியில், அறை நண்பனின் ஹெட்போனில். கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. பிறகு டிக் டிக். பிறகு நிக் மேசனின் டிரம்ஸ், அவசரமே இல்லாமல். "பாட்டு எப்போடா ஆரம்பிக்கும்?" என்றேன். அவன் சிரித்தான். குரல் வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

பல வருடம் கழித்துத்தான் உறைத்தது, நான் கேட்ட கேள்விதான் அந்தப் பாட்டு.

1973இல் வெளியான 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' தொகுப்பின் வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. இதுவரை நடந்ததெல்லாம் தயாரிப்பு, நிஜ வாழ்க்கை இனிமேல்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவர், அது எப்போதோ ஆரம்பித்துவிட்டதை உணர்ந்த கதையைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஃப்ளாய்டின் தத்துவம் மேலோட்டமானது, விடலைப் புலம்பல் என்பவர்கள் உண்டு. வரிகளை மட்டும் தாளில் படித்தால் நானும் பாதி ஒப்புக்கொள்வேன். போன காலம் திரும்பாது என்பதை எந்தத் தாத்தாவும் சொல்வார். நாமும் தலையாட்டிவிட்டுப் போவோம். ஆனால் இந்தப் பாட்டு நம்மைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நாம் சலித்துக்கொண்ட அந்த இரண்டு நிமிடமும் பாட்டுதானே? தத்துவம் இருப்பது அந்த நீளத்தில்.

இரண்டு வருடம் கழித்து, 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. இதில் குரலுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். டேவிட் கில்மோரின் கிதாரில் நான்கே ஸ்வரங்கள், யாரையோ கூப்பிட்டுப் பார்ப்பதுபோலத் திரும்பத் திரும்ப வருகின்றன. கூப்பிடப்படுபவர் சிட் பாரெட். குழுவின் முதல் பாடகர், முதல் பாடலாசிரியர். மனநிலை குலைந்தபோது, 1968இல் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், இவரை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று நண்பர்கள் முடிவுசெய்தார்கள். அவ்வளவுதான், பிரிவு.

1975 ஜூனில் இந்தத் தொகுப்பின் வேலை நடந்துகொண்டிருந்த அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் ஒருவர் வந்தார். உடம்பு பருத்து, தலையும் புருவமும் மழித்து. யாரென்று கொஞ்ச நேரம் யாருக்குமே தெரியவில்லை. பாரெட்தான் என்று தெரிந்தபோது சிலர் அழுதார்கள்.

'டைம்' நம் வாழ்க்கைக்குள் நாம் இருக்கிறோமா என்று கேட்டது. இந்தப் பாட்டு, அடுத்தவருக்காக இருந்தோமா என்று கேட்கிறது. இதுதான் கடினம். காத்திருப்பதையே அன்பு என்று நம்பிவிடுகிறோம். நாம் காத்திருப்பதோ நம் ஞாபகத்தில் இருப்பவருக்காக. வாசலில் வந்து நிற்பது வேறொருவர். நோயுற்ற ஒரு மனிதரை வைரமாக்கிப் பாடியதில் ஒரு தப்பித்தலும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். வைரத்தை யாரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நான்கு ஸ்வரங்களில் எனக்குக் கேட்பது புகழ்ச்சி இல்லை, குற்றவுணர்வு. அதனால்தான் பாட்டு இன்னும் வலிக்கிறது.

ஹெட்போன் கொடுத்த நண்பனோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. இப்போது எதிரில் வந்தால் அடையாளம் தெரியுமா, தெரியாது. இந்த ரிலீஸ் முடிந்ததும் கூப்பிட வேண்டும் என்று இருக்கிறேன்.